டொக்கருக்கை செய்த ஃபைல் வெளியில வந்து பாத்தா என்ர இல்லையாம், தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா சொல்லுங்கோ

பரந்தன்சந்தி

வணக்கம் எல்லாருக்கும். கிளிநொச்சியில நாங்கள் மூண்டு பேர் சேந்து ஒரு நெல்லு ஆலைக்கு கணக்கு சிஸ்டம் செய்துகொண்டிருக்கிறம். ஆர் எத்தினை மூட்டை கொண்டந்தது, ஈரப்பதன் எவ்வளவு, கைக்காசோ கடனோ எண்டு பதியிற சின்னச் சாமான்தான். பின்பக்கத்துக்கு பிஎச்பி லாரவெல், முன்பக்கத்துக்கு நோட், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், எல்லாம் டொக்கர் கொம்போஸில ஓடுது, அதாவது ஒவ்வொண்டும் கொன்டெய்னர் எண்ட தனித்தனிப் பெட்டிக்கை. கோட் எழுதுறது வெளியில விஎஸ் கோடில, கமாண்ட் அடிக்கிறது கொம்போஸ் எக்செக் போட்டு கொன்டெய்னருக்கை.

இப்ப கரைச்சல் என்னெண்டா உள்ளுக்கை நிண்டு லாரவெலின்ர ஆர்ட்டிசான் கமாண்டால ஒரு மைக்ரேஷன் (டேட்டாபேஸ் மாற்றம் எழுதுற ஃபைல்) உண்டாக்கினால் அந்த ஃபைல் ரூட்டின்ர (மிசினில முழு அதிகாரமும் உள்ள யூசர்) பேரில வருது, வெளியில திறந்து சேவ் பண்ணப் போனா பேர்மிஷன் இல்லையெண்டு சொல்லி சுடோவில திருப்பி முயற்சிக்கட்டோ எண்டு கேக்குது. இதில விசர் வாற விசயம் என்னெண்டா ஒரு சீரில்லை. சில ஃபைலை எடிட் பண்ண விடாது ஆனா அழிக்க விடுது, சில ஃபோல்டரை ஒண்டும் செய்ய விடாது, கிட்டில (கோட் பதிப்புகளைச் சேமிக்கிற சாமான்) கிளை மாறப்போனா அரைவாசியில நிண்டு அன்லிங்க் (ஃபைலை அழிக்க) பண்ண ஏலாது எண்டு கத்துது. ஒவ்வொருநாளும் வந்தோடனை சுடோ சீஓன் அடிச்சு ஃபைலை என்ர பேருக்கு மாத்திட்டுத்தான் வேலை தொடங்குறன்.

எங்கட மற்றப் பெடியன் விண்டோஸில டொக்கர் டெஸ்க்டொப் போட்டு அதே ப்ரொஜெக்டைத்தான் ஓட்டுறான், அவனுக்கு ஒண்டுமில்லை. "எனக்கு வேலை செய்யுதே" எண்டு சிரிக்கிறான். மிசின் உபுண்டு 22.04, ஒஃபிஸ் கொம்பியூட்டர், வேற ஆளும் லொகின் பண்ணிப் பாவிக்கிறது.

கச்சான்கடை

மச்சான் ஃபோல்டர் முழுக்க சீமொட் 777 போட்டு எல்லாருக்கும் எல்லா அனுமதியும் குடுத்திட்டு தேத்தண்ணி குடியும். நான் கனகாலமா இப்பிடித்தான்.

மல்லாவிக்காரி

தம்பி, 777 போடுறதுக்கு முன்னம் கொஞ்சம் பொறுங்கோ. அது இண்டைக்கு இருக்கிற ஃபைலுக்குத்தான். நாளைக்கு உள்ளுக்கை உண்டாகிற ஃபைல் திரும்பவும் ரூட்டின்ர பேரில 644 (உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றாக்கள் வாசிக்கலாம்) எண்டுதான் வரும், ஏனெண்டா புது ஃபைலில அனுமதியைக் குறைக்கிற உமாஸ்க் 022. அப்ப சீஓனுக்குப் பதிலா ஒவ்வொரு நாளும் சீமொட் அடிப்பீங்கள், வேற மாற்றமில்லை. அதோட கிட் எக்சிகியூட் பிட்டை பாத்துக்கொண்டிருக்கும், ஒரு வரியும் மாத்தாமலே எல்லா ஃபைலும் மாறினதாக் காட்டும், அதை ஆரேனும் கவனிக்காமல் கொமிட் பண்ணினால் மற்ற ஆக்களுக்கும் வாரிக்குடுத்த மாதிரி. ப்ரொஜெக்ட் ஃபோல்டருக்கை டிப்ளோய் பண்ணுற எஸ்எஸ்ஹெச் கீ ஏதும் வச்சிருந்தா அதையும் எஸ்எஸ்ஹெச் எடுக்காது, எல்லாரும் வாசிக்கக்கூடிய கீயை அது தொடவே தொடாது.

முதல்ல ரெண்டு விசயம் பாத்துச் சொல்லுங்கோ. வெளியில ஐடி கமாண்ட் அடிச்சா என்ன வருது, கொன்டெய்னருக்கை அடிச்சா என்ன வருது. பிறகு எல்எஸ்ஸுக்கு எல், என் ரெண்டும் போட்டு அந்த ஃபோல்டரைப் பாருங்கோ. என் போட்டால்தான் பேரை விட்டிட்டு நம்பரைக் காட்டும்.

பரந்தன்சந்தி

பாத்தனான் அக்கா. வெளியில யுஐடி (யூசர் நம்பர்) 1001 ஜிஐடி (குரூப் நம்பர்) 1001. உள்ளுக்கை ரெண்டும் 0. நான் எழுதின ஃபைல் எல்லாம் 1001, ஆர்ட்டிசானும் கொம்போசரும் (பிஎச்பி பக்கேஜ் இறக்கிறது) செய்ததெல்லாம் 0. ஸ்டோரேஜ் ஃபோல்டருக்கை இன்னொரு நம்பர் கிடக்குது, 33 எண்டு. அது ஆர்?

குளக்கட்டு

33 டெபியனில டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டேட்டா எண்ட யூசர், வெப்புக்கு பிஎச்பியை ஓட்டுற உங்கட பிஎச்பி எஃப்பிஎம் அந்தப் பேரிலதான் வேலையாக்களை ஓடவிடுது. இமேஜ் (கொன்டெய்னர் உண்டாகிற அச்சு) அல்பைன் எண்ட சின்ன லினக்ஸ் எண்டா அதே பேருக்கு 82. உதிலயே விசயம் முழுக்க இருக்கு, கொஞ்சம் விரிவாச் சொல்லுறன் குறை நினைக்காதேங்கோ.

லினக்ஸின்ர மையமான கேர்னலுக்கு பேர் எண்டு ஒரு சாமானே இல்லை. டிஸ்கில ஃபைலின்ர விபரம் இருக்கிற ஐநோட்டில எழுதிக்கிடக்கிறது நம்பர், ப்ரொசெஸ் ஓடுறதும் நம்பரில, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துத்தான் விடுறதா மறிக்கிறதா எண்டு முடிவெடுக்கும். முந்தி சங்கக்கடையில கூப்பன் மட்டை நம்பரைத்தானே பாக்கிறவை, ஆற்ற மகன் எண்டு கேக்கிறேல்லை, அந்தக் கதைதான். பேர் எண்டது ஈடிசி ஃபோல்டருக்கை இருக்கிற பாஸ்வேர்ட் ஃபைலைப் பாத்து எல்எஸ் மாதிரி ப்ரோக்ராம்கள் எங்களுக்காகப் போட்டுக்காட்டுறது. கொன்டெய்னருக்கு அந்த ஃபைல் வேற, வெளியில வேற. ஆனா கேர்னல் ஒண்டுதான். பைண்ட் மவுண்ட் பண்ணின (வெளியில உள்ளதையே உள்ளுக்கும் காட்டுற) ஃபோல்டரில நம்பர் ஒரு மாற்றமும் இல்லாமல் அப்பிடியே இஞ்சாலும் அங்காலும் போகும். உள்ளுக்கை ரூட் எழுதினா வெளியிலயும் 0, அதாவது நிசமான ரூட்.

ஒரு சீரில்லை எண்டு சொன்னீங்கள், அதுக்கும் காரணம் இருக்கு. ஒரு ஃபைலை எடிட் பண்ண அந்த ஃபைலின்ர பேர்மிஷன் வேணும். அழிக்கிறதுக்கு ஃபைலின்ர பேர்மிஷனைப் பாக்கிறேல்லை, அது இருக்கிற ஃபோல்டரில எழுத ஏலுமோ எண்டுதான் பாக்கும். மைக்ரேஷன் ஃபோல்டர் உங்கட 1001, அதுக்கை ரூட் போட்ட ஃபைலை நீங்கள் அழிக்கலாம், எடிட் பண்ண ஏலாது. ஆர்ட்டிசான் ஒரு புது ஃபோல்டரையும் சேத்து உண்டாக்கினால் அந்த ஃபோல்டரே ரூட்டின்ர, அதுக்கை நீங்கள் ஒண்டும் செய்ய ஏலாது. கிட் கிளை மாறேக்கை பழைய ஃபைலை அழிச்சுப்போட்டுத்தான் புதுசை வைக்கும், அதுதான் அன்லிங்க் எண்டு கத்துறது.

கச்சான்கடை

அழிக்கிறதுக்கு ஃபோல்டரைத்தான் பாக்குமோ. இவ்வளவு காலம் தெரியாமல்தான் ஓட்டினனான் போல 😅

பரந்தன்சந்தி

விளங்குது அண்ணை. அப்ப விண்டோஸ்காரனுக்கு ஏன் ஒண்டும் வரேல்ல?

குளக்கட்டு

டொக்கர் டெஸ்க்டொப்பில கொன்டெய்னர் ஓடுறது ஒரு லினக்ஸ் வேர்ச்சுவல் மிசினுக்கை. சி ட்ரைவில இருக்கிற ஃபோல்டரை அதுக்குக் காட்டுறது நடுவில நிக்கிற ஃபைல் ஷெயரிங், விண்டோஸுக்கு யுஐடி எண்ட கதையே இல்லாதபடியால் உரிமையாளரை அது தானே ஒரு மாதிரிச் சமாளிச்சுவிடும். மக்கிலயும் ஏறக்குறைய அப்பிடித்தான். அவன் அதே ப்ரொஜெக்டை டபிள்யூஎஸ்எல்லுக்கை (விண்டோஸுக்குள்ள ஓடுற லினக்ஸ்) இருக்கிற லினக்ஸ் ஃபோல்டரில வச்சு, இன்னொரு நம்பர் யூசராலை ஓட்டட்டும், உங்களுக்கு வாறது அவனுக்கும் வரும். சிரிக்கிறதை நிப்பாட்டுவான்.

பரந்தன்சந்தி

சரி அப்ப இமேஜ் கட்டுற டொக்கர்ஃபைலில 1001 எண்டு ஒரு யூசரை உண்டாக்கி யூசர் எண்ட வரியைப் போட்டுவிட்டாச் சரிதானே?

மல்லாவிக்காரி

உங்கட மிசினுக்குச் சரி. உங்களோட அந்தக் கொம்பியூட்டரில லொகின் பண்ணுற மற்ற ஆள் 1000, ஏனெண்டா உபுண்டுவில முதல் உண்டாக்கின ஆளுக்கு 1000, அடுத்த ஆளுக்கு 1001 எண்டுதான் போகும். அவர் அதே இமேஜை ஓட்டினா அவருக்கு இதே கரைச்சல் மறுபக்கத்தால வரும். நம்பரை டொக்கர்ஃபைலில எழுதி கிட்டில போடுறதை நான் விரும்புறேல்லை. லினக்ஸில கன டெவலப்பர்மாருக்கு 1000, அதாலதான் இந்தப் பிழை கன காலத்துக்கு ஒளிச்சுக்கொண்டு கிடக்கும், 1001 காரர் ஒராள் வந்து சேரும்வரைக்கும். கோட்டைத் தானா ஓட்டிச் சோதிக்கிற கிட்ஹப் அக்ஷன்ஸின்ர உபுண்டு ரன்னரும் 1001 தான். உங்கட மிசினில எல்லாம் சரியா ஓடிப்போட்டு அங்க போய் விழுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அறிவியல்நகர்_பெடியன்

நான் செய்யிற முறை: கொம்போஸ் ஃபைலில சேர்விஸுக்கு யூசர் எண்டு போட்டு யுஐடி, ஜிஐடி ரெண்டு வேரியபிளையும் குடுத்துவிடுறது. டொக்கர்ஃபைலைத் தொடவே தேவையில்லை, இமேஜ் திரும்ப இழுக்கவும் தேவையில்லை. ஹொஸ்டல் வைஃபையில இமேஜ் இழுக்கிறது எண்டா என்னெண்டு தெரியும்தானே.

பரந்தன்சந்தி

நன்றி தம்பி, போட்டுப் பாத்தனான். ரெண்டு வேரியபிளும் செட் பண்ணேல்லை, வெத்தா எடுக்கிறன் எண்டு எச்சரிக்கை வருது. ஆனா எக்கோ அடிச்சா யுஐடி 1001 எண்டு வடிவாக் காட்டுது!

அறிவியல்நகர்_பெடியன்

ஓ அது சொல்ல விட்டிட்டன். பாஷ்ஷில யுஐடி எண்டது ஷெல்லுக்கு உள்ளுக்கை மட்டும் இருக்கிற வேரியபிள், எக்ஸ்போர்ட் ஆகிறேல்லை, அதால எக்கோவுக்குத் தெரியும் கொம்போஸுக்குத் தெரியாது. ஜிஐடி எண்டு பாஷ்ஷில ஒண்டு இல்லவே இல்லை. கொம்போஸ் ஃபைலுக்குப் பக்கத்தில டொட் என்வ் எண்ட செட்டிங் ஃபைலில ரெண்டையும் எழுதிவிடுங்கோ அண்ணை. லாரவெலுக்கும் அதே பேரில ஃபைல் இருக்கிறபடியால் அதுக்கையே ரெண்டு வரி கூட்டிவிட்டாக் காணும், அது எப்பிடியும் கிட்டுக்குப் போறேல்லைத்தானே, ஆளாளுக்கு வேற நம்பர் இருக்கலாம்.

பரந்தன்சந்தி

வேலை செய்யுது! ஆர்ட்டிசான் செய்யிற ஃபைல் எல்லாம் இப்ப 1001 எண்டுதான் வருது. ஆனா உள்ளுக்கை போனா ப்ரொம்ப்டில "எனக்குப் பேரில்லை" எண்டு இங்கிலிசில ஒரு வசனம் நிக்குது 😂 அதோட நோட் கொன்டெய்னரில என்பிஎம் இன்ஸ்டோல் அடிச்சா ஆக மேல இருக்கிற ரூட் ஃபோல்டருக்கை டொட் என்பிஎம் எண்ட ஃபோல்டரை உண்டாக்க ஏலாதாம், இஎக்ஸஸ் (அனுமதி இல்லை) எரர்.

குளக்கட்டு

ரெண்டும் ஒரே காரணம். 1001 எண்ட நம்பருக்கு கொன்டெய்னரின்ர பாஸ்வேர்ட் ஃபைலில வரி இல்லை. கேர்னலுக்கு அதால ஒரு கவலையுமில்லை, ஆனா ஷெல்லுக்குப் பேர் கிடைக்கிறேல்லை, வீட்டு ஃபோல்டர் எது எண்டும் தெரியாது, அதால ஹோம் எண்டது வெறும் சாய்கோட்டில வந்து நிக்கும். என்பிஎம் தன்ர கேஷை ஹோமிலதான் வைக்கப் பாக்கும், அங்க எழுத இவருக்கு அனுமதி இல்லை. கெதிக்கு வேணுமெண்டா ஹோம் வேரியபிளை டெம்ப் ஃபோல்டருக்குத் திருப்பிவிடலாம், ஓடும். ஆனா கொம்போசர் கேஷ், என்பிஎம் கேஷ் எல்லாம் கொன்டெய்னர் அழிய அழிஞ்சு திரும்பத் திரும்ப இறக்கும், டேட்டா காட்டில வேலை செய்யிற ஆக்களுக்கு அது சரிவராது.

நிரந்தரமாச் செய்யிறதெண்டா டொக்கர்ஃபைலில நம்பரை எழுதாமல் பில்ட் ஆர்கியூமெண்டா (இமேஜ் கட்டேக்கை குடுக்கிற நம்பரா) எடுங்கோ, ஒண்டும் குடுக்காட்டி 1000 எண்டு வச்சுக்கொள்ளட்டும். அந்த நம்பரில குரூப்பும் யூசரும் ஹோம் ஃபோல்டரோட உண்டாக்கட்டும். டொட் என்வில இருக்கிற அதே ரெண்டு நம்பரையும் கொம்போஸ் பில்ட் நேரம் உள்ளுக்குக் குடுக்கட்டும். நோட் இமேஜில மட்டும் கவனம், அதில ஏற்கெனவே நோட் எண்ட யூசர் 1000 இல இருக்கிறார், அதே நம்பரில இன்னொராளைப் போடப் போனா நம்பர் தனித்துவமில்லை எண்டு பில்ட் நிண்டிடும். அங்க புது ஆளை உண்டாக்காமல் நோட் எண்ட ஆளின்ர நம்பரை யூசர்மொட்டால மாத்துறதுதான் வழி.

ஒரு விசயம் இடையில, ப்ரொஜெக்டை கொப்பி பண்ணிப்போட்டு பிறகு ஒரு ரன் வரியில முழு ஃபோல்டருக்கும் சீஓன் போடாதேங்கோ. இமேஜ் லேயர் மாத்தின ஃபைலை முழுசாத் திரும்ப எழுதும், 400 எம்பி ஃபோல்டருக்கு நம்பரை மட்டும் மாத்தினாலும் இன்னொரு 400 எம்பி கூடும். கொப்பி வரியிலயே சீஓன் ஆப்ஷன் இருக்கு, அதைப் பாவியுங்கோ.

மல்லாவிக்காரி

விஎஸ் கோட் தானே பாவிக்கிறீங்கள், அப்ப எடிட்டரையே கொன்டெய்னருக்கை இணைச்சு டெவ் கொன்டெய்னராத் திறந்தால் இதில பாதி வேலையை அது செய்யும். டெவ்கொன்டெய்னர் ஜேசன் ஃபைலில ரிமோட் யூசர் எண்டு ரூட் அல்லாத ஒராளின்ர பேரைப் போட்டுவிடுங்கோ. அப்டேட் ரிமோட் யூசர் யுஐடி எண்டு ஒரு செட்டிங் இருக்கு, நீங்கள் ஒண்டும் போடாட்டிலும் லினக்ஸில அது ஓன்தான். கொன்டெய்னர் தொடங்க முதல் உங்கட வெளி நம்பரைப் பாத்து, இமேஜுக்கு மேல ஒரு சின்ன லேயர் போட்டு, அந்த ஆளின்ர யுஐடி ஜிஐடியை உங்கடதுக்கு மாத்தி, ஹோம் ஃபோல்டரையும் புது நம்பருக்குக் குடுத்துவிடும். 1000 காரருக்கும் 1001 காரருக்கும் ஒரே ஃபைல், ஒருத்தரும் டொட் என்வில எழுதத் தேவையில்லை.

ஆனா இதில ஆக்கள் வந்து விழுற குழி ரெண்டு இருக்கு. ஒண்டு, அது மாத்துறது ஹோம் ஃபோல்டரை மட்டும்தான். ஓப்ட் ஃபோல்டருக்கை பைதன் வெர்ச்சுவல் என்வ் மாதிரி ஏதும் 1000 பேரில வச்சு இமேஜ் கட்டியிருந்தா அது பழைய நம்பரிலயே கிடக்கும், பிப் இன்ஸ்டோல் விழும். மற்றது, நீங்கள் மாத்தப் போற நம்பரில இமேஜுக்கை ஏற்கெனவே வேற ஆள் இருந்தா அது மாத்தாமல் விட்டிட்டுப் போயிடும், லொக்கில ஒரு வரி மட்டும் இருக்கும், ஆர் அதைப் பாக்கிறது. உபுண்டு 24.04 இமேஜில உபுண்டு எண்ட பேரில ஒராள் 1000 இல பிறக்கேக்கையே இருக்கிறார், 22.04 இல அப்பிடி இல்லை. 24.04 க்கு மேல நீங்கள் ஒரு யூசர் உண்டாக்கினால் அவருக்கு 1001 போகும், வெளியில நீங்கள் 1000 எண்டா மாத்த இடமில்லை. "நேற்று வரைக்கும் ஓடினது, பேஸ் இமேஜை மாத்தினோடனை பேர்மிஷன் போச்சு" எண்டு வாற கேள்விகளில கனக்க இதுதான். டொக்கர்ஃபைலில முதல் வேலையா அந்த உபுண்டு யூசரை அழிச்சுவிட்டாச் சரி.

வவுனியா_வெயில்

எல்லாரும் இவ்வளவு கஸ்டப்படுறீங்கள், ரூட்லெஸ் டொக்கர் (ரூட் அதிகாரமில்லாமல் ஓடுறது) இல்லாட்டி அதே மாதிரிச் சாமானான பொட்மன் போட்டா உந்தக் கதையே இல்லை. ரூட்லெஸ்ஸில கொன்டெய்னருக்கை இருக்கிற ரூட் எண்டது வெளியில நீங்கள்தான். உள்ளுக்கை 0 எழுதினா வெளியில 1001. டொக்கர்ஃபைலில யூசரும் வேண்டாம் ஆர்கியூமெண்டும் வேண்டாம், ரூட்டாவே ஓடுங்கோ.

இன்னொண்டும் சொல்லோணும். ஒஃபிஸ் கொம்பியூட்டர் கன பேர் பாவிக்கிறது எண்டு சொன்னீங்கள். டொக்கர் குரூப்பில ஒராளைச் சேக்கிறது எண்டா அவருக்கு ரூட்டைக் குடுக்கிறதுதான். அவர் மிசினின்ர முழு டிஸ்கையும் ஒரு கொன்டெய்னருக்கை மவுண்ட் பண்ணி, உள்ளுக்கை ரூட்டா நிண்டு மற்றாக்களின்ர பாஸ்வேர்டை மாத்தலாம், சுடோ ஒண்டும் தேவையில்லை. பயிற்சி நிலையங்களில மாணவர் எல்லாரையும் டொக்கர் குரூப்பில தூக்கிப் போட்டு வச்சிருக்கிறதைக் கண்டிருக்கிறன், ஒருத்தருக்கும் அதைப்பற்றி யோசினையில்லை.

மல்லாவிக்காரி

டொக்கர் குரூப் கதை முழுக்க உண்மை, அதில மறுபேச்சில்லை. ஆனா "உந்தக் கதையே இல்லை" எண்டதை நான் ஒத்துக்கொள்ளன். ரூட்லெஸ்ஸில 0 தான் உங்களுக்கு வரும், மற்ற நம்பரெல்லாம் சப்யுஐடி ஃபைலில உங்களுக்கு ஒதுக்கின வரிசைக்குப் போகும். வழமையா 100000 இல தொடங்கி 65536 நம்பர். உள்ளுக்கை 1 எண்டது வெளியில 100000, அப்ப உள்ளுக்கை 1000 எழுதின ஃபைல் வெளியில 100999 எண்டு வரும், எஃப்பிஎம்மின்ர 33 வந்து 100032. இவரின்ர லாரவெல் லொக்கை எழுதுறது அந்த 33 தானே, அப்ப ரூட்லெஸ் போட்டும் அந்த லொக்கை வெளியில திறந்து எழுத ஏலாது. ரிமோட் யூசர் ரூட் அல்லாத ஆள் எண்டு போட்ட டெவ் கொன்டெய்னரை ரூட்லெஸ்ஸில ஓட்டினா இன்னும் மோசம், வெளியில உங்கட ஃபைல் உள்ளுக்கை ரூட்டின்ர எண்டு தெரியும், ரிமோட் யூசரால எழுத ஏலாது. ஆரோ ஒருத்தர் குழுவில ரூட்லெஸ்ஸும் மற்றாக்கள் சாதாரண டொக்கரும் எண்டா ஒரே ஜேசன் ஃபைல் ரெண்டு பேருக்கும் சரிவராது.

வவுனியா_வெயில்

அதுக்குத்தான் பொட்மன் எண்டும் சொன்னனான். யூசர்என்எஸ் ஆப்ஷனுக்கு கீப் ஐடி எண்டு குடுத்தா வெளியில 1001 உள்ளுக்கையும் 1001, ரூட்டும் இல்லை. 100999 எண்டு ஏற்கெனவே கிடக்கிற ஃபைலுகளை பொட்மன் அன்ஷெயருக்கை நிண்டு சீஓன் பண்ணலாம், சுடோ தேவைப்படாது. ஃபெடோரா பாவிக்கிற ஆக்கள் வொலியூம் வரிக்குப் பின்னால பெரிய இசட் போட மறக்காதேங்கோ, இல்லாட்டி நம்பர் எல்லாம் சரியா இருந்தும் எஸ்ஈலினக்ஸ் எண்ட மேலதிகப் பாதுகாப்பு மறிக்கும், பேர்மிஷன் டினைட் எண்டுதான் அதுவும் சொல்லும், நீங்கள் சீஓன் அடிச்சு அடிச்சுச் சாகவேண்டியதுதான்.

ரூட்லெஸ் டொக்கரைப் பொறுத்தவரைக்கும் நீங்கள் சொல்லுறது சரி, எஃப்பிஎம்மை யோசிக்கேல்லை.

பரந்தன்சந்தி

நான் டெவ் கொன்டெய்னர் முறைக்கு மாறினன். ரிமோட் யூசரும் போட்டாச்சு, பிஎச்பி பக்கம் பழம். ஆனா நோட் மொடியூல்ஸ் ஃபோல்டரை வேகத்துக்காக நேம்ட் வொலியூமில (டொக்கரே வச்சிருக்கிற சேமிப்பிடம்) வச்சிருந்தனாங்கள், அதுக்கை எழுத விடுதில்லை இப்ப. ஒருக்கா ப்ரொஜெக்ட் முழுக்க சுடோ சீஓன் ஆர் போட்டு எல்லாத்தையும் 1001 ஆக்கிவிட்டாச் சரியோ?

குளக்கட்டு

அடியாதேங்கோ!! உங்கட போஸ்ட்கிரெஸ் டேட்டா எங்க கிடக்கு? ப்ரொஜெக்ட் ஃபோல்டருக்கை பைண்ட் மவுண்டில எண்டா அந்த சீஓன் அதையும் பிடிக்கும். போஸ்ட்கிரெஸ் தன்ர டேட்டா ஃபோல்டர் தன்ர பேரில இருக்கோணும், பேர்மிஷன் 700 இல்லாட்டி 750 ஆ இருக்கோணும் எண்டு அடம்பிடிக்கிற சாமான், அதைவிட இளக்கமா இருந்தாத் தொடங்காது. ஆகவே 777 உம் போடக்கூடாது, கச்சான்கடைக்கும் சேத்துத்தான் சொல்லுறன். இன்னொண்டு, டெபியன் வழி இமேஜில போஸ்ட்கிரெஸின்ர நம்பர் 999, அல்பைன் வழி இமேஜில 70. சின்ன இமேஜ் எண்டு அல்பைனுக்கு மாறேக்கை பழைய டேட்டா ஃபோல்டர் 999 பேரில கிடக்கும் எண்டதையும் யோசியுங்கோ.

பரந்தன்சந்தி

டேட்டா எண்ட ஃபோல்டரில ப்ரொஜெக்டுக்கை தான் கிடக்கு. நல்லகாலம் கேட்டது. ஆலைக்காரரின்ர சிறுபோகக் கணக்கு முழுக்க அதுக்கை டெஸ்டுக்கு ஏத்தி வச்சிருக்கிறம்.

குளக்கட்டு

அப்ப முதல்ல பிஜி டம்ப் (டேட்டாபேஸின்ர நகல்) ஒண்டு எடுத்து வேற இடத்தில வையுங்கோ, பிறகு அதை நேம்ட் வொலியூமுக்கு மாத்துங்கோ. டேட்டாபேஸ் ஃபைலுக்கை நீங்கள் எடிட்டரால கைவைக்கிற தேவை ஒருநாளும் வராது, அது உங்கட ஃபோல்டருக்கை இருக்கிறதில ஒரு பிரயோசனமும் இல்லை.

நோட் மொடியூல்ஸ் வொலியூம் விசயம் இதுதான். வெறும் நேம்ட் வொலியூமை முதல்முறை மவுண்ட் பண்ணேக்கை, இமேஜில அதே பாதையில ஃபோல்டர் இருந்தா டொக்கர் அதில இருக்கிறதையும் உரிமையாளர் நம்பரையும் சேத்து வொலியூமுக்கு கொப்பி பண்ணும். இமேஜில அந்தப் பாதை இல்லையெண்டா ரூட் பேரில வெறும் ஃபோல்டர் வரும். உங்களுக்கு ரெண்டாவதுதான் நடந்திருக்கும். டொக்கர்ஃபைலில அந்த ஃபோல்டரை உண்டாக்கி யூசருக்குக் குடுத்திட்டு, பழைய வொலியூமை அழிச்சிட்டுத் திரும்ப ஏத்துங்கோ. அழிக்காட்டி ஒண்டும் மாறாது, ஏனெண்டா கொப்பி நடக்கிறது வொலியூம் வெறுமையா இருக்கேக்கை மட்டும்.

மல்லாவிக்காரி

உங்களுக்கு 1001 எண்டபடியால் இதில ஒரு சின்னத் திருத்தம். டொக்கர்ஃபைலில குடுக்கிற உரிமை 1000 க்குத்தான் போகும், அப்டேட் யுஐடி ஹோமை மட்டும்தான் மாத்தும் எண்டு மேல சொன்னனான், நோட் மொடியூல்ஸ் பாதை ஹோமுக்கு வெளியால. அதால போஸ்ட் கிரியேட் கமாண்டில (கொன்டெய்னர் உண்டானோடனை ஓடுறது) அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் சுடோ சீஓன் போட்டுவிடுங்கோ. வெறும் ஃபோல்டர், கண்ணிமைக்க முன்னம் முடிஞ்சிடும்.

மற்றது வொலியூம் வரியில மவுண்ட் பண்ணுற வெளி ஃபோல்டர் இல்லையெண்டா டொக்கர் சத்தமில்லாமல் ரூட் பேரில ஒண்டை உண்டாக்கும். எழுத்துப் பிழை விட்டாலும் அப்பிடித்தான். டொக்கர் ரன்னில மவுண்ட் எண்ட நீட்டு ஆப்ஷனாப் போட்டா இல்லாத ஃபோல்டருக்கு எரர் தரும், எனக்கு அதுதான் விருப்பம்.

பரந்தன்சந்தி

டம்ப் எடுத்து மாத்தியாச்சு, நோட் மொடியூல்ஸும் ஓடுது. கடைசியா லாரவெல் லொக் மட்டும் நிக்குது. ஆர்ட்டிசான் முதல் எழுதினா எஃப்பிஎம்மால எழுத ஏலாது, எஃப்பிஎம் முதல் எழுதினா ஆர்ட்டிசானால ஏலாது. அப்பென்ட் மோடில திறக்க ஏலாது எண்டு வெப்பில பெரிசா வருது.

அறிவியல்நகர்_பெடியன்

அண்ணை எஃப்பிஎம்மையும் உங்கட அதே யூசரிலயே ஓடவிடுங்கோ, டெவலப்மெண்ட் மிசின்தானே. கொம்போஸில அந்த சேர்விஸுக்கும் யூசர் வரி போட்டால் எஃப்பிஎம் தன்ர கொன்ஃபிக்கில இருக்கிற யூசர் வரியைப் பொருட்படுத்தேல்லை எண்டு ஒரு நோட்டிஸ் போடும், பயப்பிடத் தேவையில்லை, ரூட்டா இல்லாட்டி அவரால வேற ஆளா மாற ஏலாது, அதைத்தான் சொல்லுறார். பழைய லொக் ஃபைலை அழிச்சிட்டுத் தொடங்குங்கோ.

பரந்தன்சந்தி

சரி வந்திட்டுது. ஸ்டோரேஜ் ஃபோல்டரில 33 ஒண்டும் இல்லை, எல்லாம் 1001. சுடோ சீஓன் இல்லாமல் கிளை மாறுது. மற்ற ஆளும் தன்ர லொகினில திறந்து பாத்தவர், அவருக்கு 1000 எண்டு வருது. ஆனா நாங்கள் ரெண்டு பேரும் ஒரே ஃபோல்டரில வேலை செய்ய ஏலாதோ, கிட்டால இழுக்காமல்?

வவுனியா_வெயில்

ஏலும், ஒரு பொதுக் குரூப் உண்டாக்கி ரெண்டு பேரையும் சேத்து, ஃபோல்டருக்கு செட்ஜிஐடி பிட் போட்டு, செட்எஃப்ஏசிஎல்லால டிஃபோல்ட் ஏசிஎல் குடுத்துவிட்டா புதுசா வாற ஃபைல் எல்லாத்துக்கும் குரூப்பில எழுதுற அனுமதி தானா வரும். கொன்டெய்னருக்கும் அந்தக் குரூப் நம்பரைக் குரூப் ஆட்டில குடுக்கோணும். ஆனா ஏன்? ஆளுக்கொரு குளோன் வச்சிருங்கோ. ஒரே வேர்க்கிங் ஃபோல்டரில ரெண்டு பேர் கிட் அடிக்க வெளிக்கிட்டா ஃபைலின்ர உரிமையாளர் வேற ஆள் எண்டு கிட்டும் சந்தேகப்படும், 2022 இல வந்த 2.35.2 இல இருந்து அது ஒரு பாதுகாப்புச் சோதனை. சேஃப் டிரெக்டரி எண்டு கொன்ஃபிக்கில போட்டுச் சமாளிக்கலாம்தான். நட்சத்திரம் போட்டு எல்லா ஃபோல்டரையும் நம்புறன் எண்டு எழுதினா அந்தச் சோதனை இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

ஸ்காபரோ_முல்லை

பழைய இழைக்கு வந்து குழப்புறதுக்கு மன்னிக்கோணும். குளக்கட்டு அண்ணை சொன்ன பில்ட் ஆர்கியூமெண்ட் முறையை அப்பிடியே எடுத்து இஞ்ச என்ர மக்புக்கில ஓட்டினா குரூப்அட் வரியில விழுது. ஜிஐடி 20 ஏற்கெனவே இருக்காம்.

குளக்கட்டு

மக்கில முதல் ஆளுக்கு யுஐடி 501, குரூப் ஸ்டாஃப், நம்பர் 20. டெபியனில 20 எண்டது டயல்அவுட் எண்ட குரூப்புக்கு எப்பவோ குடுத்தாச்சு. ஐடி கமாண்டில வந்ததை டொட் என்வில அப்பிடியே எழுதியிருப்பீங்கள். மக்கில டொக்கர் டெஸ்க்டொப்தானே, ஃபைல் ஷெயரிங் சமாளிக்கும், அந்த ரெண்டு வரியையும் எடுத்துவிடுங்கோ, 1000 லயே கட்டட்டும்.

ஸ்காபரோ_முல்லை

கட்டுப்பட்டிட்டுது. நன்றி அண்ணை.